மீனுக்கு வழி பழக்கிய ஜெயசுதா

வெள்ளிமலையிலிருந்து வடக்கனந்தலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஜெயசுதா திணறாத நாளில்லை. ஜான் பாஷா பழக்கடையின் பச்சைப் படுதா கண்ணில் பட்டால்தான் அவளுக்கு உயிரே வரும். அதற்கு எதிரில்தான் அவள் பஸ் நிற்கும். அந்தப் படுதாவை நம்பி ஊர் வந்து சேர்ந்தவள்தான், பிற்பாடு மீன்களுக்கும் ஓர் அடையாளம் வைத்தாள்.

மீன் வளர்ப்பு அவள் பிடிவாதம். கொல்லையில் இரண்டு குட்டைகள். பெரியதில் ஆழம் கிடையாது. சின்னதில் ஊற்று உண்டு. நடுக்கரையை வெட்டி, ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு மடை வைத்திருந்தார்கள். போன கோடையில் பெரிய குட்டை சேறாகி, பக்கத்திலேயே தண்ணீர் இருப்பது தெரியாமல் அத்தனை மீனும் செத்துப் போயின. பாவி மகளுக்குப் பல நாள் சோறே இறங்கவில்லை. வலை போட்டு வாரலாமென்றால், அடியெல்லாம் கருவேலங்கட்டை. வலைதான் கிழியும்.

மழையில் குட்டை நிரம்பியதும் மறுபடி குஞ்சு விட்டாள். இந்த வருஷம் தை பிறந்ததும் மடையோரம் ஒரு கழி நட்டு, ஓட்டை விழுந்த நீலக் குடத்தை அதில் கவிழ்த்தாள். தினமும் காலையில் அதனடியில் தவிடும் புண்ணாக்கும் போட்டாள். மீன்கள் கூடிப் பழகியதும் தீனியை மடைக்குள் போட்டாள். அப்புறம் மடை தாண்டிச் சின்னக் குட்டையில். மீனுக்கு ஏது புத்தி என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே! பங்குனியில் அவள் தலை தெரிந்தாலே கூட்டம் குடத்தடிக்கு வந்து, மடை வழியாக அந்தப் பக்கம் போய்த் தின்றுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பெரிய குட்டையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும் நாளில், அவை தின்றுகொண்டிருக்கும்போதே மடையை வலையால் அடைத்துவிட வேண்டும். அதுதான் அவள் போட்ட திட்டம்.

அந்த நாளும் வந்தது. போய்ப் பார்த்தால் கழி கரையில் சாய்ந்து கிடக்கிறது, குடத்தைக் காணோம்!

"யோவ், குடம் எங்கய்யா?"

பல் விளக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் அருள் திருதிருவென்று விழித்தான். "தண்ணி லாரி வருதுன்னாங்க. எடம் புடிக்க லைன்ல வெச்சிட்டு வந்தேன். ஓட்டக் குடந்தானே, ஜெயா..."

தண்ணீர் பிடிக்கத்தான் நல்ல குடம் வேண்டும்; இடம் பிடிக்க ஓட்டைக் குடம் போதும். ஊர் வழக்கமே அப்படியிருக்க, அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னாள்.

"உன் தலைய கொண்டுபோய் லைன்ல வெக்கறதுதானே! இப்ப அதுங்க இன்னாத்த பாத்து வரும்?"

இந்த வருஷமும் போச்சு என்றே நினைத்தாள். மூக்கைச் சிந்தியபடி, இருந்த தீனியைச் சின்னக் குட்டையில் கொட்டினாள்.

பெரிய குட்டையில் தண்ணீர் சலசலத்தது. கருத்த முதுகுகள் அங்கங்கே தெரிந்து, ஒன்றுசேர்ந்து, நேரே மடைக்கு வந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை.

"வந்துகினு இருக்குதுங்க பாரு!" என்று அருள் வாய் நுரையோடு கத்தினான்.

கூட்டம் சின்னக் குட்டைக்குள் போனதும் அவள் மடையில் வலையை இறக்கிக் கட்டினாள். அப்போதுதான் பெரிய குட்டையின் கோடியில் ஒரு கொழுத்த கட்லா தனியாக நிற்பது கண்ணில் பட்டது.

"அட, சோம்பேறி!"

சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். விரட்டுகிற வேலையே அது வைக்கவில்லை. முன்னால் போகத் துணை இல்லாமல், கட்டைகளைச் சுற்றி வளைந்து, தானே மடைக்கு வந்து வலையில் மூக்கை முட்டியது. மறுபடியும் முட்டியது.

"இருடா என் ராசா, இரு" என்று சிரித்துக்கொண்டே ஜெயசுதா வலையின் ஓரத்தைத் தூக்கிவிட்டாள்.