ஒவ்வொரு அடியும் இரண்டு முறை

நீடாமங்கலத்தில் அந்த அரிசி ஆலைக்காரருக்கு இரண்டு அலுவலகம். ஒன்று கடைத்தெருவில், மாடியில். இன்னொன்று ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவே, ஆலைக்குள். களத்தில் மூட்டை ஏற்றுவதைக் கடைத்தெருவில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பாதையைத் தாண்டிக் கேபிள் இழுக்க ரயில்வேக்காரன் விடமாட்டான். அதனால் வயர்லெஸ் லிங்க் போட்டுத்தர எங்களைக் கூப்பிட்டார்.

எங்களை என்றால் என்னையும் என் தம்பியையும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் காலனித் தெருவில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, திருச்சியில் சொந்தமாகத் தொழில் போட்டவர்கள். அதை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. "இன்ஜினியர் தம்பி" என்று அழைத்து எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார்.

களத்தைப் பார்த்தபடி காமிராவை முதலிலேயே மாட்டியாயிற்று. இனி இரண்டு கட்டடத்து டிஷ்ஷும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் தென்னந்தோப்பு. அதைத் தாண்டும் உயரம் ஆலையில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்தான் இருந்தது. தம்பி அதில் ஏறினான். "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று நான் கடைத்தெருக் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து போனில் சொல்லச் சொல்ல அவன் டிஷ்ஷைத் திருப்பினான். சிக்னல் கிடைத்தது. "வந்துடுச்சுடா!" என்று கத்திவிட்டு, திரையை இணைக்க ஆலைக்காரரின் அறைக்கு இறங்கினேன். போனை அணைக்கவில்லை. இயர்போன் காதிலேயே இருந்தது.

அதில் யாரோ ஒருவனின் குரல். "தம்பிக்கு எந்த ஊரு?" இவன் சொன்னான். "ஊருல எந்தத் தெரு?" அதையும் சொன்னான். என் தம்பிக்குப் பொய் வராது, அந்தச் சனியன் பிடித்த நேரத்தில்கூட.

"இறங்குடா நாயே! நாங்க குடிக்கிற தண்ணி மேல கால வச்சிட்டு நிக்கிற?"

அப்போதுதான் திரையில் படம் வந்தது. நாலைந்து பேர் அவனை இழுத்து வந்து, காயப்போட்ட நெல்லின் மேல் தள்ளினார்கள். ஒருவன் நெல் தள்ளும் பலகையை ஓங்கினான்.

"அடடா, பளிச்சுன்னு தெரியுதே" என்றார் ஆலைக்காரர்.

போனில் சத்தம் முந்தி வந்தது. படம் கொஞ்சம் பிந்தி வந்தது. அடி விழும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அடி விழுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு அடியையும் நான் இரண்டு முறை வாங்கினேன். "அண்ணே" என்று அவன் அலறியதும் அப்படித்தான், முதலில் குரல், பிறகு வாய். பலகை அவன் இடது காதோடு சேர்த்து இறங்கியது.

"நிறுத்தச் சொல்லுங்க சார், அது என் தம்பி!"

"தொட்டி மேல ஏறினா பசங்க கோவப்படத்தான..." பாதியில் நிறுத்தினார். "உங்க கூடப்பொறந்த தம்பியா?" அவர் பார்வை நான் குடித்து வைத்த டம்ளருக்குப் போனது. பக்கத்திலேயே இருந்த போனுக்குப் போகவில்லை.

என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. ஒரே அடியில் மேஜைக் கண்ணாடி சிதறியது. அவர் கையைப் பிடித்து அந்தச் சில்லுகளின் மேலேயே வைத்து அழுத்தினேன். ரத்தம் மேஜை விளிம்பு வரை ஓடியது. "போனப் போடு" என்றேன். மற்றக் கையால் போட்டார். திரையில் ஒருவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான், கேட்டான், மற்றவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். பலகை கீழே விழுந்தது. ஒரே ஒரு போன், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கும் அவர் கைக்கும் என் மேல் வழக்கு. தம்பியின் காதுக்கு யார் மேலும் இல்லை. எனக்கு இதில் வெட்கம் ஒன்றுமில்லை. இன்னொரு முறை நடந்தாலும் அழுத்துவேன், இன்னும் பலமாக.

தம்பி இப்போது துபாயில் இருக்கிறான். அங்கே எவனும் தெருவைக் கேட்பதில்லையாம். இயர்போனை வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு வீடியோவில் பேசுவான். சில நாள் குரல் முந்தி வரும், படம் பிந்தி வரும். அவன் சிரித்துக்கொண்டிருந்தாலும் நான் சட்டென்று துண்டித்துவிடுவேன்.

"ஏண்ணே கட் பண்றீங்க?" என்று மறுபடி கூப்பிடுவான்.

சிக்னல் சரியில்லடா என்பேன்.