மாப்பிள்ளை வார்த்த ஹீட்சிங்க்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மோட்டார்களுக்கு அலுமினிய மூடி வார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். முதலாளி ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வியாபாரம் செய்துவிட்டு வார்ப்புக்கு வந்தவர். தொழில் தெரிந்தவர்தான். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவருக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பது கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. வந்ததும் மோட்டார் மூடி கேவலமான சரக்கு என்று கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசசர் அடுப்பு மாதிரி கொதிக்கும், அந்தச் சூட்டை உறிஞ்சி வெளியே விட அதன் தலையில் ஒரு அலுமினியக் கட்டி வேண்டும், அதற்குப் பெயர் ஹீட்சிங்க், கம்ப்யூட்டரோடு வருவது வெறும் தகரம், நாம் நல்லதாக வார்த்துத் தனியாக விற்போம் என்றார். முதலாளி சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

முதல் சாம்பிள் செங்கல் கனத்தில் வந்தது. அதற்கு ஊதா பெயிண்ட் வேறு. அடிப்பக்கத்தைப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துப் பிடித்து முகம் பார்க்கும் கண்ணாடியாக்கியிருந்தார்கள். அது முகம் பார்க்க மட்டும்தான் லாயக்கு. என் மேசைமேல் வைத்தேன், ஒரு கால் குட்டையான நாற்காலிபோல் ஆடியது. விளிம்பெல்லாம் தேய்ந்து நடுவில் புடைத்திருக்கிறது சார், பிராசசர்மேல் ஒட்டி உட்காராது என்றேன். பிலிங் செக்‌ஷன் எப்போதிலிருந்து டிசைன் செக்‌ஷன் ஆனது என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை தானே சிரித்துக்கொண்டார்.

ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், என்னுடையது. அதனால் பரிசோதனையும் அதில்தான். பழைய ஹீட்சிங்க்கையும் அதன்மேல் இருந்த விசிறியையும் கழற்றினார். பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் பூசும் வெள்ளைப் பசை வேண்டாமாம், பாலிஷ் போடத் தெரியாதவர்களுக்குத்தான் அது. விசிறியும் வேண்டாமாம். தன் கட்டியை வைத்துக் கிளிப்பை அழுத்தினார். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

கம்ப்யூட்டர் கிளம்பியதும் பிராசசரின் சூட்டைக் காட்டும் நீலத் திரையை எடுத்து வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. அதைக் காட்டினேன். அந்த எண்ணே தப்பு என்றார். பிறகு ஹீட்சிங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். மாமனாரைக் கூப்பிட்டார்.

முதலாளி தொட்டுப் பார்த்தார். "இன்னா மாப்ள, ஐஸ் மாதிரி கீது!"

"அதான் மாமா. சூடே தங்காது."

சூடு தங்காதுதான், ஏறினால் அல்லவா தங்குவதற்கு? பிராசசர் கீழே வெந்துகொண்டிருக்க, மேலே அந்த ஊதாக் கட்டி சும்மா உட்கார்ந்திருந்தது. மேனேஜர் தொட்டார், ஸ்டோர்காரர் தொட்டார், கோயில் பிரசாதம் வாங்குவதுபோல் ஒவ்வொருவராக வந்து தொட்டுச் சில்லென்று இருப்பதாகச் சாட்சி சொன்னார்கள். மாப்பிள்ளை என்னையும் தொடச் சொன்னார். தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது, அதையும் சொன்னேன்.

அப்போது திரை கறுத்துக் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. வைரஸ் என்றார். வெளியே லாரி பில்லுக்காக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அடிக்க, முதலாளி முதல்முறையாக மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"யம்மா, பழச மாட்டு. பேஜாராப் பூடும்."

பழையதைப் பசை பூசி மாட்டினேன். வைரஸ் உடனே குணமாகிவிட்டது.

இதற்கு மேலும் அது விற்பனைக்குப் போனது என்றால் நம்புவீர்களா? தொட்டாலே குளிரும் என்று மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, விளம்பரத் தாளை அதே கம்ப்யூட்டரில் நான்தான் டைப் செய்தேன். சென்னைக் கடைகளுக்குப் போன பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தமிழ்நாட்டுக்காரனுக்குத் தரம் தெரியாது என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். கடைசியில் எல்லாவற்றையும் உலையில் போட்டார்கள். ஊதா பெயிண்ட் எரிந்த நாற்றத்தில் அன்று யாரும் சாப்பிட முடியவில்லை. அவர் மட்டும் பக்கத்து ஓட்டலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, மினரல் வாட்டர் கம்பெனி ஆரம்பிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று மாமனாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.