வீட்டு வண்டிக்கு விலை சொன்ன கைலாசம்

நாற்பது வயது தாண்டும் வரைக்கும் கைலாசத்தின் வாயிலிருந்து ஒரு விலை வந்ததில்லை. வண்ணார்பேட்டையில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெகுகாலம் பாலிஷ் போட்டவன். அவன் தேய்த்து அனுப்பிய பஸ் ஒன்று சேரன்மகாதேவி ரோட்டில் நின்றபோது, அதில் தன் முகத்தைப் பார்த்த எருமை வேறொரு எருமை என்று நினைத்து முட்டிவிட்டது. அந்தப் பள்ளத்தை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கைக்காரன். ஆனால் யாராவது தன் காரைக் கொண்டுவந்து, “என்ன ஆகும் கைலாசம்?” என்று கேட்டுவிட்டால் தரையைப் பார்ப்பான், துணியை உதறுவான், “நீங்க பாத்துக் குடுங்க அண்ணாச்சி” என்பான்.

நம் பக்கத்தில் இதைக் குறையாக யாரும் சொல்வதில்லை. முன்கூட்டியே விலை சொன்னால் எதிராளியை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். கொடுப்பவர்களும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கைலாசத்தைப் பார்த்தால் மட்டும் அவர்களுக்குக் கொஞ்சமாகவே தோன்றும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம் பட்டறை முதலாளியின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தான். வந்த கையோடு கைலாசத்தின் பாலிஷ் துணியைப் பிடுங்கி உப்புத்தாளைக் கொடுத்து, துரு உரசச் சொன்னான். கைலாசம் தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தான். முதலாளி வாசல் வரை வந்து, தெருவே கேட்கும்படி கத்தினார்.

“எங்கன போயிருவ? வாயத் தொறந்து வெல சொல்லத் தெரியாது, தொரை தனியா தொழில் பண்ணப் போறாராம்! ஆடி பொறக்கதுக்குள்ள இங்கனதாம்லே வந்து நிப்ப!”

அன்றிலிருந்து கைலாசத்துக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும்போல இருந்தது; எழுந்தால் எங்கேயாவது போக வேண்டும்போல இருந்தது. ஆடிக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில்தான் அந்த வண்டி ஊருக்குள் வந்தது.

ஹாலந்துக்காரர் ஒருவர், பெயர் டிர்க், மனைவியோடு தன் நாட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டி என்றால் வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் அதை நிறுத்தியதும் ஊர் திரண்டுவிட்டது. உள்ளே கிணறு இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ராட்டினச் சத்தத்தைத் தானே கேட்டதாக இன்னொருவர் சத்தியம் செய்தார். வண்டி தூத்துக்குடியில் கப்பலேறி ஆஸ்திரேலியா போகிறது. மண் ஒட்டியிருந்தால் அங்கே இறக்க விடமாட்டார்களாம். இறங்கியதும் விற்கப் போகிறார்கள். ஆகவே பளபளவென்றும் இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார் எபனேசர். அவருடைய ஸ்கூட்டரைக் கைலாசம் ஒருமுறை தேய்த்துக் கொடுத்திருந்தான். அவர்தான் ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டார்.

கைலாசம் வண்டியைப் பிரதட்சிணம் வந்தான். பஸ்ஸுக்குச் செய்வதுபோலவே பாதத்தால் நீளம் அளந்தான். பின்பக்க மூலையில் விரலால் தேய்த்தான். விரல் வெள்ளையாக வந்தது.

“என்ன வே, வேதக்காரப் பள்ளிக்கூடத்துக்கு வந்து திருநீறு எடுக்கீரு?” என்றார் எபனேசர்.

“பைபர் சார் இது, தகரம் இல்ல. வெயிலு தின்னுருக்கு. மேல் தோலு செத்து மாவாயிருக்கு.”

டிர்க் மூன்று விஷயம் கேட்டார். என்னென்ன செய்வாய், எத்தனை நாளாகும், விலை என்ன? மூன்றும் வேலை தொடங்கும் முன்பே தெரிய வேண்டும்.

கைலாசம் துணியை உதறினான். “அவர பாத்துக் குடுக்கச் சொல்லுங்க சார்.”

எபனேசர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். டிர்க் தலையை ஆட்டிவிட்டுத் தன் வண்டியைச் சுற்றி வந்து வெகு கவனமாகப் பார்த்தார். திரும்பி வந்து, “பார்த்துவிட்டேன். விலை என்ன?” என்றார்.

எபனேசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாளைக் காலை வரைக்கும் தவணை வாங்கிக் கொடுத்துவிட்டு, காபி குடிக்கலாம் என்று கைலாசத்தை மாடிக்கு அழைத்துப் போனார். மாடி வராந்தாவில் டம்ளரை வாங்கிய கைலாசம் கீழே எட்டிப் பார்த்தான். டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. வண்டியின் கூரை கருகருவென்று கிடந்தது. பாசி, காக்கை எச்சம், ஒழுகல் அடைத்த தார்த் திட்டுகள், அவற்றின் நடுவே காற்றுப் போக்கிகள், ஏணி.

பஸ் கூரையில் சாமான் ஏறும், ஆடு ஏறும், தீபாவளி சமயத்தில் ஆளும் ஏறும். அதற்குப் பாலிஷ் போடுவதாக எந்தப் பைத்தியக்காரனும் நினைக்கமாட்டான். அதனால் இத்தனை வருஷத்தில் அவன் கணக்கில் கூரை என்ற ஒன்றே இருந்ததில்லை. கீழே நின்றபோதே விலை சொல்லியிருந்தால் கூரையை விட்டுத்தான் சொல்லியிருப்பான். ஊமையாக இருந்ததில் முதன்முதலாக ஒரு லாபம்.

வீட்டுக்கு வந்தால் மனைவி உலகம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் அவளைச் சுற்றி நடந்தான்.

“ஏட்டி, எவ்வளவுட்டி சொல்லட்டும்?”

“எனக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் கம்பெனிக்காரன் ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு வச்சிருக்கானே. நீங்க எதுக்குத்தான் வாயத் தொறந்திருக்கீக? பொண்ணு பாக்க வந்து என்ன செய்யணும்னு எங்க அப்பா கேட்டதுக்கும் பாத்துச் செய்யுங்கன்னுதான சொன்னீக?”

“அதுக்கென்ன இப்ப?”

“அவரும் பாத்தாரு. பெல்லு இல்லாத சைக்கிளு ஒண்ணு குடுத்தாரு.”

அந்தச் சைக்கிளிலேயே கைலாசம் ஆற்றுக்குப் போனான். குறுக்குத்துறையில் இறங்கி முங்கினான். ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு தொகை மனசில் வந்தது. நாலைந்து முங்கலில் தொகை ஏறிக்கொண்டே போய்ப் பயமுறுத்தியது. அடுத்த முங்கலில் பாதியாக இறங்கியது. பக்கத்தில் குளித்தவர் அவன் ஏதோ பிரார்த்தனை செய்கிறான் என்று ஒதுங்கி இடம் விட்டார். ஈரத் துண்டோடு கரையில் நடந்தான். ஆனிக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. திட்ட வாயெடுத்தவன் நிறுத்தினான். இந்த மணல் ஈர பாலிஷில் ஒட்டினால்? அதன்மேல் துணி ஓடினால் வண்டி முழுக்கக் கீறல்தான். அப்படியானால் வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் தேய்த்து முடிக்க வேண்டும். காலைக்கு இவ்வளவுதான் நேரம். அப்படியானால் இத்தனை காலை. அப்படியானால்...

தொகை தானாக வந்து நின்றது. இந்தத் தடவை அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மறுநாள் காலை டிர்க்கின் முன்னால் நின்று, தரையைப் பார்க்காமல் ஆரம்பித்தான். எபனேசர் மூச்சு விடாமல் மொழிபெயர்த்தார்.

“தண்ணி ஊத்துறது இன்னைக்கு சாயங்காலம், காத்து அடங்குன பொறவு. மொதல்ல கூரை, பொறவுதான் மத்தது. கூரைய விட்டுட்டுச் செய்யச் சொன்னா நான் செய்ய மாட்டேன். ஒரு மழைக்கு அந்தக் கருப்பு பூரா கீழ வடிஞ்சிரும். சன்னல் எல்லாம் பிளாஸ்டிக், அதுல பாலிஷ் காம்பவுண்டு படப்பிடாது, காகிதம் ஒட்டி மறைக்கணும். விடியக்கால மேக்குப் பக்கம் தேய்ப்பேன், அங்கன நிழலு. அது முடிஞ்சதும் அய்யா வண்டியத் திருப்பி நிறுத்தணும். கெழக்கால இருந்தது மேக்க வந்துரும். மொத்தம் அஞ்சு காலை. காத்து வந்தா கைய எடுத்துருவேன், யாரு சொன்னாலும் தொட மாட்டேன்.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “நாலாயிரம் ரூவா.”

சொன்ன மாத்திரத்தில் எதிரே மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. டிர்க் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சரி என்கிறார்” என்றார் எபனேசர்.

“சரியா?”

“சரியாம் வே. இன்னைக்கே ஆரம்பிக்கணுமாம்.”

கைலாசத்தின் முகம் விழுந்துவிட்டது. “கொறைக்கச் சொல்லலியா சார்? கொஞ்சங்கூடவா? உடனே சரின்னுட்டாரே!”

அந்த ஐந்து நாளும் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. கூரையில் பாசியைச் சுரண்டும்போது ஐயாயிரம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். ஏணியிலிருந்து இறங்கும்போது ஆறாயிரம். காகிதத்தை உரித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்க்கும்போது, போகட்டும், இந்த வேலைக்கு நாலாயிரமே மரியாதைதான் என்று இருக்கும். டிர்க்கின் மனைவி வண்டியின் அந்தப் பக்கத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வாள். உடனே மறுபடி ஐயாயிரம். காற்று கிளம்பியதும் கையை எடுத்துவிடுவான். ஆனால் வீட்டுக்குப் போகமாட்டான். வளாகத்துக்குள்ளேயே வேப்பமரத்துக்கும் வாசலுக்குமாக நடப்பான்.

நாலாம் நாள் பட்டறை முதலாளி, யாரையோ பார்க்க வந்தவர்போல அங்கே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். தன் மீசை அதில் தெரிந்ததும் ஒருமுறை ஒதுக்கிக்கொண்டார்.

“என்னலே பேசிருக்க?”

“நாலாயிரம்.”

முதலாளி கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “ஏமாந்துட்டியேலே” என்றார். “ஆறு கேட்டிருக்கணும்.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அன்று கைலாசம் சாப்பிடவில்லை.

வண்டி தூத்துக்குடிக்குப் புறப்பட்டது. டிர்க் பேசிய தொகையைக் கொடுத்து, மறுபடியும் கை குலுக்கினார். கைலாசம் அதை வாங்கிக்கொண்டு பாளை மார்க்கெட் பக்கம் வந்தான். அவன் பார்வை போன இடமெல்லாம் விலை. நின்ற பஸ்ஸுக்கு ஒரு விலை, டாக்டர் காருக்கு ஒரு விலை, சோடா வண்டிக்கு ஒரு விலை. ஆற்றுப் பாலத்தையே பாலிஷ் போட்டால் என்ன கேட்கலாம் என்று யோசித்ததாக உலகம்மாள் சொல்கிறாள். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

டீக்கடை முன்னால் ஒரு வேன் நின்றது. திருச்செந்தூருக்கு ஆள் ஏற்றுகிற வண்டி, உப்புக் காற்றில் நிறம் வெளுத்திருந்தது. டிரைவர் தாணுமாலையன் அப்போதுதான் டீயை வாங்கினான். கைலாசம் நேரே போய், “ரெண்டு காலை வேலை. தொள்ளாயிரம்” என்றான்.

“யாருவே நீரு? நான் ஒண்ணும் கேக்கலியே!”

“பொறவு கேப்பீரு. இப்பவே சொல்லிட்டேன்.”

“ஐநூறுன்னா பாப்போம்.”

கைலாசத்தின் முகம் மலர்ந்தது. பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பட்டறையை விட்டு வந்த பிறகு அவன் ஓரிடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

“அப்படிக் கேளுவே!” என்றான். “எண்ணூத்தம்பது. அதுக்குக் கீழ ஒரு பைசா எறங்க மாட்டேன். எங்க, இன்னொரு தடவ கேளும் பாப்போம்.”