ராகு காலத்து அலமாரி

கல்யாணமாகி மல்லேஸ்வரத்துக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சீரில் யாருக்கும் பிடிக்காத சாமான் ஒன்று இருந்தது. அது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள். வெள்ளிப் பாத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள், அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்த கையோடு மூடினார்கள்.

வீடு பெரியதுதான். ஆனால் அதில் ஒரு சாண் இடம்கூடக் காலியாக இல்லை. புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அங்கே ஊறுகாய் ஜாடிகள் வந்தன. மாடிப்படிக்குக் கீழே வைத்தேன், கரையான் வந்தது. ஜன்னல் மேடையில் அடுக்கினேன்; மாமியார் அவற்றின்மேல் துணி விரித்து வடாம் காயவைத்தார். ஒரு நாள் காலையில் சமையலறைக்குப் போனால், தடிமனான ஒரு புத்தகம் தோசை மாவுப் பாத்திரத்தின் மூடிமேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. மாவு பொங்கி அட்டையில் வழிந்திருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

தலைதீபாவளிக்கு அப்பா கொடுத்த பணத்தில் ஒரு புத்தக அலமாரி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எதிர்ப்பு வரும் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மேல் தட்டுல வெள்ளிக் குத்துவிளக்கு வெச்சுக்கலாம். கண்ணாடிக் கதவா இருந்தா வரவா கண்ணுல படும்" என்றார் மாமியார்.

மாமனார் மைசூர் சர்க்காரில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். வருஷா வருஷம் வாங்கிய பஞ்சாங்கங்களில் ஒன்றைக்கூட அவர் தூக்கி எறிந்ததில்லை. அவற்றுக்கு இரண்டாவது தட்டு என்று முடிவு செய்தார். மூன்றாவது தட்டு என் கணவருடைய ஆபீஸ் கட்டுகளுக்கு.

"அடித்தட்டு முழுசும் உனக்குத்தான்" என்றார் என் கணவர், பெரிய மனது பண்ணி. கரையான் முதலில் ஏறுவது அடித்தட்டில்தான் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

எனக்கு வேண்டியது அரக்குப் பூசிய அலமாரி. காலேஜில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஓர் அம்மாள் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தேன். சீனத்து வேலை. கறுப்பு அரக்கு முகம் தெரியும்படி மின்னும். கதவுகளில் பொன் நிறத்தில் பறவைகள். அந்த அரக்கைக் கரையான் தொடாது என்றும் அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பழைய சாமான்கள் கன்டோன்மென்ட்டில் நிறையக் கிடைக்கும். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். சாயபுமார் கடைகளில் வந்து நிற்கும்.

குடும்பத்தோடு ஜட்கா வண்டி ஏறிக் கடை கடையாகப் போனோம். முதல் கடையில் சிவப்பு அரக்கில் அருமையான ஓர் அலமாரி இருந்தது. கதவில் டிராகன் ஒன்று வளைந்து கிடந்தது. மாமியார் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "பாம்புக்குக் கால் மொளைச்சிருக்கு. ஆத்துக்குக் கர்ப்பிணிகள் வந்துபோவா, வேண்டாம்" என்றார். அடுத்த கடையில் இருந்ததற்குக் கால்கள் குட்டை. அடியில் துடைப்பம் போகாது. இன்னொன்றின் தட்டில் குத்துவிளக்கு நிற்கவில்லை, தலை இடித்தது. ஆமாம், மாமியார் விளக்கையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மாமனார் கையில் பஞ்சாங்கக் கட்டு. புத்தகம் வைக்கும் அலமாரிக்குப் புத்தகத்தோடு வந்தவள் நான் ஒருத்திதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில், ஊருக்குத் திரும்பும் ஒரு துரையின் பங்களாவில் சாமான்கள் ஏலத்துக்கு வருவதாகத் தெரிந்தது. முந்தின நாள் போய்ப் பார்த்தோம். நான் நினைத்த மாதிரியே கறுப்பு அரக்கு. கதவுகளில் கொக்குகள். தட்டுகள் உயரம், கால்கள் உயரம், சாவி சரியாகத் திரும்பியது. மாமியார்கூடக் குறை சொல்ல முடியாமல், "கொக்கு சைவமா இருந்தா நன்னாயிருக்கும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். ஏலம் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். என் மாமனார் ராகு காலத்தில் ஒரு கடிதத்துக்குத் தபால்தலைகூட ஒட்டமாட்டார்.

"கவலைப்படாதே. சீக்கிரமே போய், பத்தரைக்கு மேல அதை எடுக்கச் சொல்லிப் பேசி வெச்சுடறேன்" என்றார். என் கணவருக்கு ஆபீஸ், மாமியாருக்கு மடி. அதனால் மாமனாரும் நானும் மட்டும் போனோம்.

ஏலம் போடுகிறவர் கன்டோன்மென்ட் தமிழ்க் கிறிஸ்தவர். கோட்டும் டையுமாக நின்றார். மாமனார் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெருசெல்லாம் மொதல்ல எடுத்துடுவோம் ஐயா. மாட்டு வண்டிக்காரங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றார்.

ஏலம் ஆரம்பித்தது. அப்போதுதான் நான் தோட்டத்தைப் பார்த்தேன். எங்களைப் போலவே வந்திருந்த பென்ஷன்காரர்கள் ஐந்தாறு பேர் சரிகைத் தலைப்பாகையோடு ரோஜாச் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒவ்வொருவராகப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் கடைகடையாக ஏறி இறங்கியபோது பார்த்த சாயபுகளில் ஒருவர் மட்டும் வெற்றிலையை மென்றபடி சாப்பாட்டு மேஜையையும், நாற்காலிகளையும், ஆளுயரக் கண்ணாடியையும் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பஞ்சாங்கம் எங்களைவிட அவருக்குத்தான் நன்றாக உதவியது.

"இந்தப் பெரியவங்கல்லாம் எதுக்கும்மா வந்திருக்காங்க? பூ பாக்கவா?" என்று ஏலக்காரர் என்னிடம் கேட்டார்.

அலமாரியின் முறை வந்தது. பத்தரை ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது. மாமனார் ஒரு முடிவோடு முன்னால் போனார். விலை கேட்பதுதானே ராகு காலத்தில் கூடாது, விசாரிப்பதற்கு என்ன? எந்த ஊர் மரம் என்று கேட்டார். அரக்கு எத்தனை கை பூசியது என்று கேட்டார். கதவைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், மறுபடியும் திறக்கச் சொன்னார். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஆட்களை வைத்துத் திருப்பவைத்தார். துரை குடும்பத்தில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். பிறகு, தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தீர்த்தம் கிடைக்குமா என்றார்.

ஏலக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, நீங்க சாமான் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் இதில் பாதிகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். அதற்குள் சாயபு ஒரு விலையைச் சொன்னார்.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். தோட்டத்திலிருந்த தலைப்பாகைகள் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்தன.

"ரெண்டு தரம்."

மாவு வழிந்த அந்த அட்டை என் கண்முன் வந்தது. "இன்னும் ஒரு ரூபா!" என்றேன். சொன்னேன் என்று எழுத ஆசைதான், கத்தத்தான் செய்தேன்.

"ஏம்மா, ராகு காலம்!" என்று மாமனார் பதறினார். சாயபு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவர் வாய் மூடுவதற்குள் நானும் ஏற்றினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த வேளையில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரலும் அவர் கேட்டிருக்கமாட்டார். "அரே, அம்மா எடுத்துக்கட்டும், ஜானே தோ" என்று சிரித்தபடி விலகிக்கொண்டார். மூன்றாம் தரமும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் நடந்ததைச் சொன்னார். மாமியாருக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். "எந்தா அனாஹுத மாடிபிட்டே!" என்று, எப்பேர்ப்பட்ட அனர்த்தம் பண்ணிவிட்டாய் என்கிற அர்த்தத்தில், தலையில் கைவைத்துக்கொண்டார், நான் ஏதோ வீட்டுக்குத் தீ வைத்துவிட்ட மாதிரி. நல்ல நேரம் வரும்வரை அலமாரி வாசலில் மாட்டு வண்டியிலேயே நின்றது. தெருவே வந்து கொக்குகளைப் பார்த்துவிட்டுப் போனது.

உள்ளே கொண்டுவந்து வைத்த பிறகு மாமியார் குத்துவிளக்கை எடுத்து வந்தார். அலமாரி வரைக்கும் வந்தார். "ராகு காலத்துல வாங்கின சாமான்ல லக்ஷ்மியை எப்படி வெக்கறது?" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாமனாருக்கு இன்னும் பெரிய சங்கடம். ராகு காலம் எது என்று சொல்லும் பஞ்சாங்கத்தையே ராகு காலத்தில் வாங்கியதற்குள் வைப்பதா? கட்டு பழையபடி பரணுக்குப் போனது. என் கணவர் படித்தவர், இதெல்லாம் நம்பாதவர். ஆனாலும் அந்த வருஷம் அவருக்குப் பிரமோஷன் வர வேண்டியிருந்தது. "கட்டெல்லாம் ஆபீஸ்லயே இருக்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் நான்கு தட்டிலும் என் புத்தகங்களை அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகும் இடம் மிச்சமிருந்தது. சாவியைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. பிறகு யார் கையும் அதற்குள் நுழையவில்லை. மாமனாருக்கு மட்டும் மத்தியானத்தில் படிக்க ஏதாவது வேண்டும். அலமாரிக்கு நாலடி தள்ளி நின்று, "அந்தப் பச்சை அட்டை, நீயே எடுத்துக் குடும்மா" என்பார். எடுத்துக் கொடுப்பேன். படித்து முடித்ததும் என் கையிலேயே திருப்பித் தருவார்.

மறு வருஷம் என் மைத்துனருக்குக் கல்யாணமானது. புதுப்பெண்ணுக்கு நன்றாகத் தைக்க வரும். கல்யாணத்துக்கு அவள் அண்ணா கொடுத்த பணத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும், அதன்மேல் என்னென்ன வைக்கலாம் என்று கூடத்தில் பேச்சு ஆரம்பித்தது. அவள் எழுந்து, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மன்னி, செவ்வாக்கிழமை ராகு காலம் எப்போ?"

"மூணுலேருந்து நாலரை வரைக்கும்" என்றேன்.

"போதும்" என்றாள்.