பதினாலாம் கேள்வியும் ஒரு கதிரையும்

மூச்சுவிட நேரமில்லாதவர்களை மறித்து, "வேலையில் உங்களுக்கு நேரம் போதுமா?" என்று கேட்பதுதான் என் தொழில். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க ஏலாமல் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தேன். வேலை அழுத்தம் பற்றிய ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தமிழாக்கியிருந்தார்கள். அது தேறுமா என்று பார்க்க, ஒரே ஆள் இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் நிரப்ப வேண்டும். பதில்கள் ஒத்துப்போனால் படிவம் பாஸ். எனக்கும் அடுத்த மூன்று மாதம் வேலை. இல்லாவிட்டால் படிவமும் நானும் வீட்டுக்கு. படிவம் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஐந்து பேருக்கு ஒரு பேனா

வெள்ளவத்தைப் புடவைக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஐந்து பேருக்கு ஐந்து படிவம் கொண்டுபோனேன். முதலாளி ஐந்தையும் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, பத்து நிமிடத்தில் தானே நிரப்பித் தந்தார். மனவுளைச்சல்: ஐந்து பேருக்கும் இல்லை. முதலாளி உங்களை மதிக்கிறாரா: ஐந்து பேருக்கும் 'எப்போதும்'. அவரவர்தான் நிரப்ப வேண்டும் என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தங்கச்சி, இவையின்ர மனசு எனக்குத் தெரியாதே? நான்தானே சம்பளம் குடுக்கிறன்."

படம் பிடித்த பதில்

கொட்டாஞ்சேனையில் சேவியர் அங்கிள், துறைமுகத்திலிருந்து சாமான் எடுக்கப் பத்திரம் தயாரிக்கிறவர். முதல் தரம் ஒழுங்காக நிரப்பினார். இரண்டாம் தரம் போனபோது போனை எடுத்தார். பழைய படிவத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து எழுதினார். "அங்கிள், இன்றைக்கு என்ன நினைக்கிறீங்களோ அதைத்தான் போடோணும்" என்றேன்.

"மகள், இருபது வருசமா இதுதான் என் வேலை. ரெண்டு பேப்பர்ல ரெண்டு விதமா இருந்தா கொன்டெய்னர் வெளிய வராது."

கதிரை

முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்துப் புடவைக்கடைக்குத் திரும்பிப் போய், அந்த ஐந்து பேரிடமும் புதுப் படிவம் கொடுத்தேன். பதினாலாம் கேள்வி: 'வேலை நேரத்தில் தேவைப்பட்டால் உட்கார முடிகிறதா?' காலையிலிருந்து இரவு வரை நின்று சேலை விரிக்கிற சுகந்தி அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். 'ஒருபோதும் இல்லை' என்று போட்டார். மற்ற நாலு பேரும் அதேதான்.

இரண்டு கிழமை கழித்துப் போனால் சேலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. எங்கேயோ மேலிடத்தில் இதைக் கேட்கிறார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். முதலாளி பயந்துபோய் அன்றைக்கே வாங்கிப் போட்டிருக்கிறார். ஐந்து பேரும் முறைவைத்து உட்காருகிறார்கள். இப்போது ஐந்து பேரும் 'பெரும்பாலும்'. அக்கா அதை உட்கார்ந்தபடியே போட்டார். என் மூன்று மாதமும் கண்முன்னால் போனது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அக்கா, போன தரம் போட்டதையே போடுங்கோவன்."

"ஏன், அப்ப கதிரையைத் திருப்பிக் குடுக்கோணுமோ?"

நம்பிக்கையான ஆள்

பொரளையில் எங்கள் கந்தோர். ஆராய்ச்சியை நடத்துகிற சேர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஆகத் திறமான பதில் சேவியர் அங்கிளுடையதாம், ஒன்றுகூட மாறவில்லை. கோளாறு பதினாலாம் கேள்வியில் மட்டும்தான். அதைத் தூக்கினார். மிச்சமெல்லாம் அழகாகப் பொருந்தின. "சேர், கேள்வியில பிழையில்லை, கதிரை வந்திட்டுது" என்றேன். அவர் நிமிரவேயில்லை.

"கதிரை வந்தது அவையின்ர சந்தோசம், தங்கச்சி. பதில் மாறினதுதான் எங்கட பிரச்சினை."

ஆக, அடுத்த மூன்று மாதத்துக்கு எனக்கு வேலை இருக்கிறது, படிவத்தில் பதின்மூன்றுக்குப் பிறகு நேரே பதினைந்துதான், நான் இன்னும் நின்றுகொண்டேதான் கேட்கிறேன்.