பனிமேட்டில் நண்டு நடை

இரண்டாயிரத்துக்குப் பிறகு கனடாவில் நர்ஸாகச் சேர்ந்தேன். வேலை பார்த்த ஊருக்கு வெளியே, மலைக்காட்டுக்குள் பனிச்சறுக்குப் பாதைகள் கிளை கிளையாகப் பிரிந்து போயின. கொச்சியின் மட்டாஞ்சேரியில் வளர்ந்த எனக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் தோப்பும்படிப் பாலம்தான். ஆனாலும் அந்தப் பாதைகள் எங்கே போகின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

முதல் குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாள், உடன் வேலை பார்த்த வைப்பின் தீவுக்காரச் சேச்சியோடு சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு எடுத்துக் கிளம்பினேன். பெரிய மேடு ஒன்றில் பாதி ஏறுவதற்குள் இருவரும் வழுக்கிக் கீழே வந்து விழுந்தோம்.

"போதும் மோளே, திரும்பிப் போயி ஒரு சாயா குடிக்கலாம்," என்றார் சேச்சி.

"நீங்க போங்க சேச்சி. மேல என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் நான் வருவேன்."

கட்டைகளைக் குறுக்காக வைத்து, நண்டு போலப் பக்கவாட்டில் ஏறினேன். ஒவ்வோர் அடியையும் பனியில் அழுத்தி ஊன்றினேன். உச்சியிலிருந்து பார்த்தபோது, மரங்களுக்கு நடுவே உறைந்த ஏரி ஒன்று வெயிலில் கிடந்தது. மனிதத் தடமே இல்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சற்று நேரத்தில் பின்னால் முனகல் கேட்டது. சேச்சியும் அதேபோல ஏறி வந்துகொண்டிருந்தார். "உன்னைத் தனியா விட்டுட்டு எங்ஙனே போறது?" என்று திட்டியவர், ஏரியைக் கண்டதும் கழுத்தை நீட்டி அதன் அக்கரையைப் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "அந்தப் பக்கம் வழி எங்க போகுது?"