பரோட்டாவோடு குளிர் பழகிய பெட்டி

எரிமலையைக் கண்காணிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், எங்கள் தொழிலில் முக்கால்வாசி நேரம் நாங்கள் கண்காணிப்பது பேட்டரியைத்தான். அனுப்பிய செய்திக்குப் பதில் வராமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் எங்கள் ஆள்தான். மீதியைச் சொன்னால் புரியும்.

கோவைக்குத் திரும்பும் முன் டெக்சாஸில், ரவுண்ட் ராக் பக்கம், ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அண்டார்டிகாவில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் ஒரு பனிமலையில், அடிவாரத்திலிருந்து உச்சிவரை எங்கள் கருவிகள். நிலம் நடுங்குவதைக் கேட்டுப் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்பும். வெளிச்சம் இருக்கும்வரை சோலார் பேனல் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசியில் மறைகிற சூரியன் ஆகஸ்டில்தான் திரும்பி வரும். அந்த நீண்ட இருட்டில் பேட்டரி மட்டும்தான் துணை. உச்சியில், எரிமலை வாயின் விளிம்பில் இருந்த கருவி ஒரு குளிர்காலத்தைக்கூட முழுதாகத் தாண்டியதில்லை.

அதைத் தாண்ட வைக்க, பேட்டரியும் ரேடியோவும் பதிவுக்கருவியும் அடங்கிய ஒரு பெட்டியைச் செய்யத்தான் கவிதா வந்தாள். திருநெல்வேலிப் பெண், முனைவர் பட்டம் முடித்த கையோடு தற்காலிக வேலையில் சேர்ந்தவள். இந்த முறையும் குளிர்காலப் பதிவு கிடைக்காவிட்டால் திட்டத்தை நீட்டிக்க மாட்டார்கள். திட்டம் நின்றால் அவள் வேலை போகும். வேலையோடு விசாவும்.

பரீட்சைக் கூடம்

பெட்டியை அனுப்புமுன் குளிரில் வைத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் குளிர் அறையை வேறு யார் யாரோ முன்பதிவு செய்து வைத்திருந்தார்கள். காத்திருந்தால் கப்பலைத் தவறவிட்டுவிடுவோம். கவிதா என்னைக் கூட்டிக்கொண்டு நேராக, ரவுண்ட் ராக்கில் நம் ஊர்ச் சாமான் விற்கும் மளிகைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பழனிசாமி அங்கிள், கரூர்க்காரர். பின்னால் ஆள் நடமாடும் அளவுக்கு ஒரு ஃப்ரீசர் அறை வைத்திருந்தார். "வெச்சுக்குங்கம்மா, வெடிக்காதில்லீங்?" என்று மட்டும் கேட்டார். "இந்தக் குளிர் அங்கே இருக்கிறதில் பாதிகூட இல்லையே" என்றேன் நான். "இதுக்கே தாங்கலைன்னா அங்க அனுப்பியே பிரயோஜனம் இல்லக்கா" என்றாள் அவள்.

வாரக் கடைசியில் போய்ப் பார்த்தோம். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வரும் ஒயரைத் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எனக்குப் பகீரென்றது. கவிதாவுக்கோ வாயெல்லாம் பல். மலையில் நொறுங்க வேண்டியது மளிகைக் கடையிலேயே நொறுங்கிவிட்டதே! குளிர் தாங்கும் வேறு ஒயரைப் போட்டு மறுபடி உள்ளே வைத்தாள். துருவிய தேங்காய் எடுக்க வந்த ஓர் அம்மா, பரோட்டாப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் ஒயர் நீட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். அங்கிள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "பயப்படாதீங்க, அது எரிமலைக்குப் போற சாமான். நம்ம பரோட்டாவோட இருந்து குளிர் பழகுது."

வடக்கு எந்தப் பக்கம்?

நவம்பரில் நானும் கவிதாவும் ஹெலிகாப்டரில் மலைக்குப் போனோம். அந்த உயரத்தில் ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்கும். தலைவலி இலவசம். கவிதா பெட்டியைப் பாறையோடு இறுக்கி, பேனலைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்தாள். அங்கே சூரியன் தாழ்வாகவே சுற்றுவதால் அப்படித்தான் வைக்க வேண்டும். டெக்சாஸ் கார் பார்க்கிங்கில் எத்தனையோ தடவை பழகிய வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள். டெக்சாஸில் செய்வது போலவே தெற்கே பார்த்து.

எங்களோடு வந்த மலையேற்ற வழிகாட்டி டாம், டீயை உறிஞ்சியபடி, "இவ்வளவு தூரம் வந்து சூரியனுக்கு முதுகைக் காட்டுகிறீர்களே, ஏதாவது கோபமா?" என்றார். பூமியின் அந்தக் கோடியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். வடக்கைக் கண்டுபிடிக்கக் காம்பஸையும் நம்ப முடியாது. காந்த துருவம் பக்கத்திலேயே இருப்பதால் முள் எங்கேயோ காட்டும். உச்சிப்பொழுதுவரை காத்திருந்து, ஒரு கம்பை நட்டு, நிழல் விழுந்த திசைக்கு எதிரே பேனலைத் திருப்பினோம். போல்ட்டுகளை மறுபடி முடுக்கியபடி கவிதா தன்னையே திட்டிக்கொண்டாள்: "எங்க ஊர்ல சித்திரை பொறந்துட்டா மத்தியான நிழல் தெக்கதாம்லா விழும்! டெக்சாஸுக்கு வந்து கெட்டுப்போயிட்டேன்க்கா."

பாட்லக் பரீட்சை

ரவுண்ட் ராக்கில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்து. கையில் தயிர்சாதத் தட்டோடு என்னை வளைத்துக்கொண்டார்கள். இந்தக் கேள்விகளை உங்கள் வேலைக்கும் கேட்டிருப்பார்கள், ஆள்தான் வேறாக இருக்கும். யாருமே குடியில்லாத இடத்தில் எரிமலை வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன? அது வெடிக்கணும்னு வேண்டிக்கறீங்களா, கூடாதுன்னா? இதுக்கு எதுக்குங்க சம்பளம்?

நான் என் பாணியில் விளக்கினேன். மற்ற எரிமலைகள் வாயை மூடிக்கொண்டிருக்கும்; உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும். இதற்கு வாய் திறந்தே இருக்கிறது, கொதிக்கும் குழம்பு மேலேயே தெரிகிறது. இங்கே கேட்கும் சத்தத்துக்கும் கண்ணால் காண்பதற்கும் முடிச்சுப் போட்டுவிட்டால், ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எரிமலையின் சத்தமும் புரியும். ஒருவர் இரண்டாம் முறை பாயசம் வாங்கப் போய்விட்டார். ஓரமாக உட்கார்ந்திருந்த சாவித்திரி ஆன்ட்டி மட்டும் முழுதும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார். நிதி கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தில்கூட அவ்வளவு தெளிவு இருந்ததில்லை. "மூடி போட்ட குக்கர் எப்ப விசிலடிக்கும்னு தெரிஞ்சுக்க, மூடியில்லாத சட்டிய உக்காந்து பாக்கறீங்க. அதானே?"

மௌனம்

மலையில் இருட்டு வந்தது. தினமும் காலையில் பெட்டியிலிருந்து ஒரு எண் வரும், பேட்டரியின் வோல்டேஜ். வீட்டில் பெரியவர்களின் பிரஷரை விசாரிப்பது போல அதை விசாரித்துக்கொள்வோம். மே மாதம் கொஞ்சம் இறங்கியது. ஜூனில் இன்னும் இறங்கியது. ஜூலையில் ஒருநாள் எண்ணே வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இதில் ஒரு சிக்கல். கவிதா பெட்டிக்கு ஒரு கட்டளை எழுதியிருந்தாள்: தெம்பு குறைந்தால் முதலில் பேச்சை நிறுத்து, கேட்பதை நிறுத்தாதே. ரேடியோவுக்குத்தான் மின்சாரம் அதிகம் தேவை. மலையைக் கேட்டுப் பதிந்துகொள்ளக் கொஞ்சம் போதும். ஆக, பெட்டி செத்துப்போயிருக்கலாம். அல்லது சொன்ன சொல் கேட்டுச் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கவிதா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். ஊரில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தாள். எதிரே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த என் மகள், டெக்சாஸிலேயே பிறந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "சில் ஆன்ட்டி. நான்கூட டெக்ஸ்டுக்கு ரிப்ளை பண்ண மாட்டேன். டஸ் நாட் மீன் ஐ ஆம் டெட்."

ஃப்ரீசர் ஓரம்

ஆகஸ்ட். ரவுண்ட் ராக்கில் கார் ஸ்டியரிங்கைத் தொட முடியாத வெயில். மலையிலோ சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. அடிவாரத்துக் கருவிகள் ஒவ்வொன்றாக விழித்தன. விளிம்பில் இருந்தது விழிக்கவில்லை. பேனலில் பனி படிந்திருக்கும், காற்றடித்தால் உதிரும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆகஸ்ட் போய் செப்டம்பர் வந்தது. கவிதா வேறு வேலைகளுக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை இருவரும் மளிகைக் கடையில் இருந்தோம். ஃப்ரீசரைத் திறந்து வெண்டைக்காய் எடுக்கக் குனிந்தவளின் போன் சிணுங்கியது. ஓர் எண். ஜூலைக்குப் பிறகு முதல் எண். பின்னாலேயே பெட்டி பேச ஆரம்பித்தது, தான் கேட்டு வைத்திருந்ததையெல்லாம். முதலில் ஜூலை. அடுத்து ஆகஸ்ட். நடுவில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. நான் போனை வாங்கிக் கீழே கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கவிதா ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கையில் போன், கண்ணில் தண்ணீர் என்றால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரே அர்த்தம்தானே? பழனிசாமி அங்கிள் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னாச்சும்மா? ஊர்ல யாருக்காச்சும்..." கவிதா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஊர்ல எல்லாரும் சுகம் அங்கிள். உங்க ஃப்ரீசர்ல இருந்தவன் முழிச்சுட்டான்."

கவிதாவின் வேலை நீண்டது, நான்தான் ஊர் திரும்பினேன். இப்போது டெக்சாஸிலேயே கல்லூரியில் படிக்கும் என் மகள் நாள்கணக்கில் போனை எடுக்காதபோதெல்லாம், பேச்சைத்தான் நிறுத்தியிருக்கிறாள், கேட்பதை நிறுத்தவில்லை என்று என்னைத் தேற்றிக்கொள்ள ஓர் எரிமலையே தேவைப்பட்டிருக்கிறது.